துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார்

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாளைச் சேவித்துவிட்டுக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கி நடக்கும் அன்பர்கள், சேப்பாக்கத்தில் சிவந்த கோபுரங்களுடன் விளங்கும் செனட் மண்டபத்தையும் அதனை அடுத்த பல்கலைக்கழகக் கட்டடங்களையும் கண்டிருப்பர். 1857-ஆம் ஆண்டில் தோன்றிய அந்தச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் பீடத்தை அலங்கரித்த பெரியோர் பலர். எஸ். சுப்பிரமணிய ஐயர், பி. எஸ். சிவசாமி ஐயர், வெங்கடரத்தினம் நாயுடு முதலிய அறிஞர்கள் எல்லாம் சில ஆண்டுகள் அமர்ந்து விடைபெற்ற அப்பீடத்தில், 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் இடைவிடாது வீற்றிருந்தவர் ஒருவரே. அவர்தாம் டாக்டர் ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியார். அப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் அத்துணை நீண்ட காலம் அப்பொறுப்பை வகித்தவர் வேறெவரும் இலர்.

முதலியார் அவர்கள் 1887-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14-ஆம் நாள் கர்நூலில் பிறந்தார். அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. அவருடன் இரட்டையராகப் பிறந்து, சிறிது நேரத்தால் மூத்தவரானவர் ஆற்காடு இராமசுவாமி முதலியார். வைணவ மரபில் வந்த குடும்பத்தினர் இரட்டைக் குழந்தைகளுக்கு இராமன், இலக்குவன் என்னும் பெயர்களைச் சூட்டியது இயல்பே. இராமாயணத்தில் இலக்குவனின் இரட்டையர் சத்துருக்கினன் அல்லவா என்று கேட்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். ஆயினும் பெயரிட்ட பெற்றோர் உள்ளத்தில் நின்றது அண்ணன் தம்பி உறவே எனக் கொள்ளலாம். இருவரும் உருவத்தால் பெரிதும் ஒத்திருந்தனர். வெண்தலைப்பாகை, நீண்ட அங்கி, நெற்றியில் துலங்கும் நாமம் ஆகிய கோலத்தையும் இருவரும் இறுதிவரை விட்டாரில்லை. மேனாட்டு உடையணிந்தோர் நிரம்பிய உலக அவைகளிலும் அவர்கள் அக்கோலத்துடனேயே காட்சியளித்தனர்.

கர்நூலில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, உயர்கல்விக்காக 1903-ஆம் ஆண்டில் சகோதரர் சென்னைக்கு வந்தனர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்ற பின்னர் இருவர் வழியும் பிரிந்தது. மூத்தவர் சட்டத்தையும் அரசியலையும் மேற்கொண்டு நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராகவும், பின்னாளில் மைசூர்த் திவானாகவும் விளங்கினார். இளையவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அவர் தமக்கெனத் தேர்ந்துகொண்ட துறை மகப்பேறு மருத்துவம். இத்தேர்வின் அருமையை இன்றைய வாசகர் உணர்வது சற்றுக் கடினம். பிள்ளைப்பேறு என்பது வீட்டின் இருண்ட அறையில் மருத்துவச்சியின் கையில் நிகழ்வதே அன்றைய வழக்கம். மருத்துவமனைக்குச் செல்லப் பெண்கள் அஞ்சினர். ஆடவராகிய மருத்துவர் ஒருவர் அருகில் வருவதைக் குடும்பங்கள் விரும்பவில்லை. எல்லா வழியும் அடைபட்ட பின்னரே, உயிர் ஊசலாடும் நிலையில், வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவர். சீழ்ப்பிடிப்பை அடக்கும் மருந்துகள் தோன்றாத அக்காலத்தில், பேறு நன்கு முடிந்த பின்னும் சூதகக் காய்ச்சல் தாய்மாரை வாரிக்கொண்டு போயிற்று. எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையில் இத்தகைய நிலையில் வந்தோரிடையே முதலியார் அவர்கள் ஆண்டுக்கணக்கில் பணிபுரிந்தார்.

மகப்பேற்று மருத்துவன் முதலில் கற்க வேண்டியது காத்திருத்தலாகும். பெரும்பாலான பேறுகள் தாமே நிகழும். அவசரப்பட்டுக் கருவியை எடுப்பவன் கேடு விளைப்பான். ஆனால் தலையிட வேண்டிய தருணத்தில் ஒரு நாழிகை தயங்கினும் இரண்டு உயிர்கள் போகும். இவ்விரண்டையும் பகுத்தறியும் பழக்கம் முதலியாரின் பிற்காலப் பல்கலைக்கழக நிருவாகத்திலும் தெரிகிறது என்பது இக்கட்டுரையாசிரியன் கருத்து.

தாம் கண்டறிந்தவற்றை அவர் ஒரு பாடநூலாக்கினார். மேனாட்டு நூல்கள் அந்நாட்டுப் பெண்களின் உடல்நிலையை வைத்து எழுதப்பட்டவை. நம் நாட்டுத் தாய்மாரிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தச் சோகை முதலியவற்றை நேரில் கண்ட ஒருவர் எழுதும் நூல் வேண்டியிருந்தது. 1938-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த ‘கிளினிக்கல் ஆப்ஸ்டெட்ரிக்ஸ்’ என்னும் அந்நூல், பின்னர் டாக்டர் கிருஷ்ண மேனனின் பெயரும் சேர்ந்து, முதலியார்–மேனன் நூல் என்றே இந்திய மருத்துவ மாணவரிடையே வழங்கலாயிற்று.

1939-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். ஆங்கிலேயரே வகித்து வந்த அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. மூன்றாண்டுகள் கழிந்து, 1942-இல், துணைவேந்தர் பொறுப்பு அவரை வந்தடைந்தது.

அவ்வாண்டு சென்னைக்கு நல்ல ஆண்டாக இருக்கவில்லை. ஜப்பானியர் படையெடுத்து வருவர் என்னும் அச்சத்தால் ஏப்ரல் மாதத்தில் நகரமே காலியாயிற்று. மக்கள் கிடைத்த வண்டியில் ஏறி உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினர். ஆகஸ்டில் நாடெங்கும் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் மூண்டது. மாகாணத்தில் மக்களாட்சியும் இல்லை. ஆளுநரே நேராக ஆண்டார். அத்தகைய ஆண்டில் பதவியேற்ற முதலியார், பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமிராஜா, இராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம், அண்ணாதுரை என முதலமைச்சர்கள் ஒருவர்பின் ஒருவராக மாறிவர, தாம் மட்டும் மாறாதிருந்தார். நீதிக்கட்சித் தலைவரின் உடன்பிறந்தார் என்பதைக் காங்கிரசார் அறியாதவரல்லர். ஆங்கிலத்தின்பால் சாய்வுடையவர் என்பதைப் பின்வந்தோரும் அறிவர். இருந்தும் அப்பதவி அவரிடமே திரும்பத் திரும்ப வந்தது.

அக்காலப் பல்கலைக்கழகம் எத்தகையது என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அலுவலகமே ஆகும். பாடம் கற்பித்தவை கல்லூரிகள். தென்னாடு முழுவதும் பரவியிருந்த அதன் எல்லையும் படிப்படியாகச் சுருங்கி வந்தது. 1916-இல் மைசூரும், 1926-இல் ஆந்திரமும், 1929-இல் அண்ணாமலையும், 1937-இல் திருவிதாங்கூரும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களைப் பெற்றன. முதலியார் காலத்திலேயே 1954-இல் திருப்பதியில் திருவேங்கடவன் பெயராலும், 1966-இல் மதுரையிலும் புதியன எழுந்தன. எல்லை குறையக் குறைய, எஞ்சிய இடத்தில் ஆராய்ச்சியை ஆழமாக்குவதே செய்யத்தக்கது என அவர் கருதினார் போலும். அவர் காலத்தில் ஆய்வுத் துறைகள் பெருகின. சேப்பாக்கத்தோடு கிண்டியும் பல்கலைக்கழக வளாகமாயிற்று.

இவற்றுக்கெல்லாம் பொருள் வேண்டுமே! அரசின் மானியம் போதவில்லை. முதலியார் செல்வர்களை நாடினார். அவர்களுள் தலையாயவர் கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1944-இல் கிண்டியில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1947-இல் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. விடுதலை பெறும் நாட்டில் கல்லூரிகள் பெருக வேண்டும், செல்வர்கள் தத்தம் ஊர்ப்பகுதிகளில் அவற்றைத் தோற்றுவிக்க முன்வர வேண்டும் என முதலியார் ஒரு கூட்டத்தில் வேண்டுகோள் விடுத்தார். கேட்டுக்கொண்டிருந்த அழகப்பர் அவ்விடத்திலேயே காரைக்குடியில் ஒரு கல்லூரி காண்பதாக அறிவித்தார். சில வாரங்களில், ஆகஸ்டு மாதத்திலேயே, கட்டடம் எழும்வரை காத்திராமல், கிடைத்த இடத்தில் கல்லூரி தொடங்கிவிட்டது. பேசிய பேச்சு ஆறுமுன் கல்லூரி பிறந்ததை வேறெங்கும் கேட்பது அரிது.

எனினும், அவருடைய 27 ஆண்டுப் பணியில் எது தலையாயது என்று கேட்டால், ஓர் இளைஞரைத் தேர்ந்து அமர்த்தியதைத்தான் சொல்ல வேண்டும். 1952-ஆம் ஆண்டு வாக்கில் பௌதிகத் துறைக்குத் தலைவர் ஒருவரை அவர் தேடினார். முதலில் நாடியது நோபல் பரிசு பெற்ற ஸர் சி. வி. இராமனையே. இராமன் வர இசையாமல், தம் மாணவர் ஜி. என். இராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். அவருக்கு அப்போது வயது முப்பதைத் தொடவில்லை. மூத்தோர் பலர் காத்திருக்கும் பதவியில் இத்துணை இளையவரை அமர்த்துவது எளிய காரியமன்று. முதலியார் அமர்த்தினார். அதனோடு நில்லாமல், எக்ஸ்கதிர் ஆய்வுக்கூடம் அமைக்கவும் இடமளித்தார். எதை ஆராய்வது என்பதை அவர் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்.

இராமச்சந்திரன் ஆராய எடுத்துக்கொண்டது கொலாஜன் என்னும் புரதம். நம் தோலுக்கும் தசைநாருக்கும் எலும்புக்கும் உறுதி தருவது அதுவே. அதன் அமைப்பு அன்று உலகுக்குப் புலப்படாதிருந்தது. ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருள் தொலைதூரத்தில் தேடவேண்டாதபடி அண்டையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய புரிபோல அப்புரதம் அமைந்துள்ளது என்னும் கருத்தை அவர் 1954-இல் வெளியிட்டார். பின்னர் 1963-இல், சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன், புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு மடங்கக்கூடும், எவ்வெவ்வாறு மடங்க இயலாது என்பதைக் காட்டும் வரைபடத்தை அளித்தார். இராமச்சந்திரன் வரைபடம் என்னும் அதனை இன்றும் உலகெங்கும் புரத ஆராய்ச்சியாளர் நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். சேப்பாக்கத்திலும் கிண்டியிலும் நடந்த பணி இது. செல்வம் மிக்க மேனாட்டுக் கூடங்களில் பிறந்ததன்று.

கணிதத்திலும் இவ்வாறே ஒரு நெருக்கடி வந்தது. கணித மேதை இராமானுஜன் பெயரால் அழகப்பர் 1951-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் கண்டிருந்தார். 1957-இல் அவர் மறைந்ததும் அது ஆதரவற்று நின்றது. அதனைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1967-இல் கணிதத் துறையுடன் இணைந்து உயராய்வு நிலையமாயிற்று.

வைணவ அன்பர்கள் சிறப்பாக அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை அருளிய வியாக்கியானமாகிய ஈடு, மணிப்பிரவாள நடையில் அமைந்தமையால், வடமொழிப் பயிற்சி இல்லாத தமிழருக்கு எட்டாததாகவே இருந்தது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறையைச் சேர்ந்த பு. ரா. புருஷோத்தம நாயுடு அதனை நல்ல தமிழாக்கினார். ‘ஈட்டின் தமிழாக்கம்’ என்னும் பெயரில் பத்துத் தொகுதிகளாக அதனை வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகமே. அதுவும் முதலியார் துணைவேந்தராயிருந்த காலத்திலேயே. காலட்சேபம் கேட்கும் வாய்ப்பில்லாத எத்தனையோ பேர் ஈட்டின் சுவையை முதன்முதல் நுகர்ந்தது அத்தொகுதிகளின் வாயிலாகத்தான். வடமொழித் துறையிலும், ஏட்டுச் சுவடிகளில் உள்ள நூல்களையும் நூலாசிரியரையும் அகரவரிசைப்படுத்தும் மாபெரும் அட்டவணையின் முதல் தொகுதி 1949-இல் வெளிவந்தது. டாக்டர் வே. இராகவன் நெடுங்காலம் உழைத்த பணி அது.

இனி, அவர்மீது எழுந்த குறைகளையும் கூறாது விடுவது முறையன்று. கல்லூரிப் பாடங்களைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்னும் குரல் 1950களிலும் 1960களிலும் வலுத்தது. 1960-இல் கோவை அரசினர் கல்லூரியில் தமிழ்வழி வகுப்பு தொடங்கப்பெற்றது. முதலியார் இதில் விரைவு காட்டவில்லை. ஆங்கிலத்தைக் கைவிட்டால் உலக அறிவோடு உள்ள தொடர்பு அறும், பாடநூல்கள் இல்லாமல் மொழியை மாற்றுவது மாணவர்க்கே தீங்காகும் என்பது அவர் கருத்து. தமிழ்ப்பற்றாளர் இதனைக் கடுமையாகக் கண்டித்தனர். சிற்றூர்களிலிருந்து முதன்முறையாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவனுக்கு ஆங்கிலமே பெருஞ்சுவராக நின்றது என்னும் அவர்கள் வாதத்தைப் பொய்யென ஒதுக்குவதற்கில்லை. அதே வேளையில், அறிஞர் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் 1963-இல் தொடங்கி அவருடைய பல்கலைக்கழகத்திலிருந்தே வெளிவந்தது. கருவி ஆயத்தமான பின்னரே கையை வைக்க வேண்டும் என்னும் மருத்துவப் பழக்கம் இங்கே அவரை மிகுதியாகவே காத்திருக்க வைத்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

பள்ளிக் கல்வியிலும் அவர் பெயர் நிலைத்துள்ளது. 1952-இல் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கு அவரே தலைவர். மறு ஆண்டில் அளித்த அறிக்கையில், உயர்நிலைப் பள்ளி என்பது கல்லூரிக்குச் செல்லும் படிக்கட்டு மட்டுமாக இருத்தலாகாது, அத்துடன் படிப்பை முடிப்பவனும் ஒரு தொழிலுக்குத் தகுதியுடையவனாக வெளிவர வேண்டும் எனக் குழு வலியுறுத்தியது. தொழிற்பாடங்களும் கலந்த பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும், இரண்டாண்டு இன்டர்மீடியட் படிப்பை நீக்கி ஓராண்டைப் பள்ளியோடும் ஓராண்டைப் பட்டப்படிப்போடும் சேர்க்க வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. விந்தை என்னவெனில், அவருடைய சொந்த மாநிலமே இதனை முழுமையாக ஏற்கவில்லை. இன்டர்மீடியட் போய்ப் புகுமுக வகுப்பு வந்தது, பட்டப்படிப்பு மூன்றாண்டாயிற்று. ஆனால் கூடுதல் ஆண்டு பள்ளிக்கு வரவில்லை. மேல்நிலைப் பள்ளிகள் தமிழ்நாட்டில் தோன்றியது 1978-இல், அதுவும் பின்வந்த கோத்தாரிக் குழுவின் திட்டப்படியே. அப்போது முதலியார் உயிருடன் இல்லை.

மருத்துவத்தை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. விடுதலைக்கு முன்னரே போர் குழுவில் உறுப்பினராக இருந்து நாட்டின் நலவாழ்வுத் திட்டத்தை வகுத்தோருள் அவரும் ஒருவர். 1959-இல் தாமே ஒரு குழுவுக்குத் தலைவரானார். இரண்டாண்டுக் காலம் நாட்டின் மருத்துவ நிலையை ஆராய்ந்த அக்குழு, ஆரம்ப சுகாதார நிலையங்கள் பல பெயரளவிலேயே இருப்பதைக் கண்டது. புதியனவற்றை அடுக்கிக்கொண்டே போவதை விட இருப்பவற்றுக்கு மருத்துவரும் மருந்தும் கொடுங்கள், ஒரு நிலையத்தின் பொறுப்பில் 40,000 மக்களுக்கு மேல் வைக்காதீர்கள், மாவட்ட மருத்துவமனைகளை வலுப்படுத்துங்கள் என்பவை அதன் பரிந்துரைகளுட் சில.

உலக அரங்கில் சகோதரர் இருவர் பணியும் ஒருமுறை அழகாகப் பின்னிக்கொண்டது. ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்திற்கு 1946-இல் முதல் தலைவராக இருந்தவர் மூத்தவர் இராமசுவாமி. உலக நலவாழ்வு நிறுவனத்தை உருவாக்கிய மாநாட்டைக் கூட்டியது அம்மன்றமே. அந்நிறுவனத்தின் முதல் பேரவைக்கு 1948-இல் இந்தியத் தூதுக்குழுவின் துணைத்தலைவராகச் சென்ற இளையவர், 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் அதன் நிருவாகக் குழுத் தலைவரானார். 1961-இல் புதுதில்லியில் கூடிய பதினான்காவது உலக நலவாழ்வுப் பேரவைக்கும் அவரே தலைவர். இடையில் 1954 முதல் இரண்டாண்டு யுனெஸ்கோவின் நிருவாகக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1945-இல் ஸர் பட்டமும், 1954-இல் பத்ம பூஷண் விருதும், 1963-இல் பத்ம விபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன.

1969-இல் அவர் பதவியை விட்டு நீங்கியபோது வயது எண்பத்தொன்று. நெ. து. சுந்தரவடிவேலு அப்பொறுப்பை ஏற்றார். ஒரே மனிதர் 27 ஆண்டுகள் ஒரு பீடத்தில் இருப்பது நன்றா என்னும் கேள்வி அவர் காலத்திலேயே எழுந்தது. தகுதியுடைய வேறு பலருக்கு வழி அடைபட்டது, எல்லாம் ஒருவர் கையில் குவிந்தது என்றனர் சிலர். மூன்றாண்டுக்கு ஒருவராக மாறியிருந்தால், முப்பது வயது நிரம்பாத ஒருவரை நம்பிப் பத்தாண்டு பொறுத்திருக்க யாரால் இயன்றிருக்கும் என்றனர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. முதலியார் விலகிய பின்னர் இராமச்சந்திரனுக்கும் சென்னைச் சூழல் ஒத்துவரவில்லை. 1970-ஐ ஒட்டி அவர் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்திற்குச் சென்று அங்கு மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். சென்னையில் அவர் வளர்த்த துறை தொடர்ந்தது, அவர் திரும்பவில்லை. ஒருவரின் நிழலில் வளர்ந்தது, அந்நிழல் நீங்கியபோது இடம் பெயர்ந்தது.

ஓய்வு பெற்ற ஐந்தாம் ஆண்டில், 1974 ஏப்ரல் 15-ஆம் நாள் முதலியார் அவர்கள் மறைந்தார். உடன்பிறந்த மூத்தவர் மேலும் இரண்டாண்டுகள் வாழ்ந்து 1976-இல் காலமானார். தரமணியில் பல்கலைக்கழகம் அமைத்த அடிப்படை மருத்துவ அறிவியல் பட்டமேற்படிப்பு நிலையம் முதலியார் பெயரைத் தாங்குகிறது. மகப்பேற்று நூலையோ, பின்வந்த மருத்துவர்கள் காலத்திற்கேற்பத் திருத்தித் திருத்திப் பதிப்பித்து வந்துள்ளனர். அட்டையில் முதற்பெயர் மட்டும் மாறவில்லை.